லீவு முடிந்து திரும்பும் நாளில் நெஞ்சு அடைக்கிறதா? பஞ்சுத் தூசி நோய்: மில் தொழிலாளர்களுக்கான முழுமையான வழிகாட்டி

என் அத்தை திண்டுக்கல் பக்கத்து நூற்பாலை ஒன்றில் பதினெட்டு வருடம், பஞ்சைச் சீவிச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவில் வேலை பார்த்தவர். பொங்கலுக்கு ஊருக்கு வந்து ஒரு வாரம் தங்கிவிட்டுப் போவார். திரும்பிப்போன அன்று இரவே போன் வரும். நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது என்பார். பாட்டி அதற்குக் காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார்: ஊர்க் கிணற்றுத் தண்ணீர் குடித்த உடம்புக்கு மில் தண்ணீர் உடனே சேராதாம். இரண்டு நாளில் அடைப்பு தானாகவே விட்டுவிடும். பாட்டி சொன்னது சரியென்று ஆகிவிடும். வருடங்கள் போகப்போக இரண்டு நாள் நான்கு நாளாயிற்று. கடைசியில் விடாத இளைப்பாக நிலைத்துவிட்டது.

குற்றவாளி தண்ணீர் அல்ல. அத்தைக்கு வந்ததற்கு மருத்துவத்தில் பிசினோசிஸ் என்று பெயர். பஞ்சுத் தூசியால் மூச்சுக்குழாய்கள் சுருங்கி, நாளடைவில் நிரந்தரமாகக் கெட்டுப்போகும் நோய். 1831-இலேயே ஜேம்ஸ் கே என்ற மருத்துவர் மான்செஸ்டர் நூற்பாளர்களின் மூச்சுக் கோளாறைப் பற்றி எழுதினார். 1877-இல் பிரெஞ்சு மருத்துவர் அத்ரியன் புரூஸ்த் இதற்குப் பிசினோசிஸ் என்று பெயரிட்டார். பிரிட்டனில் 1940-களின் தொடக்கத்திலேயே இதற்கு இழப்பீடு கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். நாட்டின் நூற்பாலைகளில் பெரும்பங்கை வைத்திருக்கும் தமிழ்நாட்டில், அந்த ஆலைகளில் உழைப்பவர்கள் பலருக்கு இந்தப் பெயரே தெரியாது.

நூற்பாலை, கழிவுப் பஞ்சில் ஓடும் ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில், பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஜின்னிங் ஆலை ஆகியவற்றில் வேலை பார்ப்பவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இந்த வழிகாட்டி. படிகளை வரிசையாகவே செய்யுங்கள். மூன்றாவது படியை மட்டும் இன்றே தொடங்கிவிடலாம். அதற்கு நோய் இருக்க வேண்டும் என்பதில்லை.

முதல் படி: உங்கள் ‘திங்கட்கிழமை’ எது?

மருத்துவ நூல்களில் இதன் முதல் அடையாளம் திங்கட்கிழமை நெஞ்சடைப்பு. ஞாயிறு மூடி, திங்கள் திறந்த இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்கு அது பொருந்தியது. நம் ஊர் மில்கள் பகல், அரை நைட், முழு நைட் என்று 24 மணி நேரமும் ஓடுகின்றன. வார விடுப்பு ஒருவருக்குச் செவ்வாய், இன்னொருவருக்கு வெள்ளி. எனவே மருத்துவர் திங்கட்கிழமை அதிகமாக இருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்று உண்மையைச் சொல்லியே நோயைத் தவறவிடுவீர்கள். விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் எதுவோ, அதுதான் உங்கள் திங்கட்கிழமை.

அந்த நாளில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். உள்ளே நுழைந்ததும் ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று மணி நேரம் கழித்து நெஞ்சு இறுகும், மூச்சு முழுதாக இறங்காது, வறட்டு இருமல் வரும். ஷிப்ட் முடியும்போது அதிகமாகி, மறுநாள் குறைந்துவிடும். உடம்பு தூசியைத் தற்காலிகமாகச் சகித்துக்கொள்கிறது; இரண்டு நாள் விலகி இருந்தால் அந்தச் சகிப்பு போய்விடுகிறது. அதனால்தான் ஓய்வெடுத்துத் தெம்பாகத் திரும்பும் நாளில் நோய் முகம் காட்டுகிறது.

விடுதியில் தங்கி மாதக்கணக்கில் விடுப்பே எடுக்காமல் வேலை பார்க்கும் பெண்களுக்கு முதல் நாள் என்ற ஒன்றே வருவதில்லை. அவர்களுக்குப் பொங்கலும் தீபாவளியும்தான் சோதனை நாள்கள். ஊருக்குப் போய்விட்டு வந்தால் முடியவில்லை என்று எந்தப் பெண்ணாவது சொன்னால், வீட்டு ஏக்கம் என்று தள்ளிவிடாதீர்கள்.

இரண்டு குழப்பங்களைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் சில நாள்களில் குளிர், காய்ச்சல், உடம்புவலி வந்து தானாகவே அடங்குவதுண்டு. அது மில் காய்ச்சல், வேறு சங்கதி. வேலையால் வரும் ஆஸ்துமாவோ பெரும்பாலும் வாரம் ஓட ஓடக் கூடும், விடுப்பில் குறையும். பஞ்சுத் தூசி நோய் தொடக்கத்தில் இதற்குத் தலைகீழ்: முதல் நாள் மோசம், பிறகு இறங்குமுகம்.

லங்காஷயரில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஷில்லிங் வகுத்த படிநிலைகளை நினைவில் வையுங்கள். எப்போதாவது ஒரு முதல் நாளில் மட்டும் இறுக்கம் என்றால் அரை நிலை. ஒவ்வொரு முதல் நாளும் வந்தால் ஒன்று. முதல் நாளோடு மற்ற நாள்களுக்கும் பரவினால் இரண்டு. மூச்சுத் திறன் நிரந்தரமாகக் குறைந்துவிட்டால் மூன்று. தொடக்க நிலைகளில் தூசியை விட்டு விலகினால் நுரையீரல் மீள வாய்ப்பு உண்டு. மூன்றாம் நிலையில் இழந்தது திரும்பாது.

இரண்டாம் படி: நீங்கள் நிற்கும் இடத்தின் தூசி

பஞ்சுப் பொதியைப் பிரிக்கும் மிக்சிங், பஞ்சை அடித்து உதிர்க்கும் புளோரூம், கார்டிங் ஆகிய மூன்றும் ஆபத்தான இடங்கள். பஞ்சோடு வந்த இலைத் துணுக்கு, காய்த் தோடு, மண், அவற்றில் ஒட்டியிருக்கும் பாக்டீரியா எல்லாம் இங்கேதான் பிரிந்து காற்றில் கலக்கின்றன. அந்த பாக்டீரியாக்களின் சுவரிலுள்ள எண்டோடாக்சின் என்ற நஞ்சு மூச்சுக்குழாயைத் தூண்டிவிடும் பொருள்களில் முக்கியமானது. டிராயிங், சிம்ப்ளெக்ஸ், ஸ்பின்னிங், ஆட்டோகோனர் என்று பஞ்சு நூலாகும் அடுத்தடுத்த பிரிவுகளுக்குப் போகப்போகத் தூசி குறையும், இல்லாமல் போகாது. கழிவுப் பஞ்சை மறுபடி அடித்து நூலாக்கும் ஓ.இ. மில்லில் எந்தப் பிரிவிலும் அசட்டையாக இருக்கக் கூடாது. சலவை செய்து வெளுத்த துணியைக் கையாளும் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இந்த நோய்க்கான ஆபத்து மிகக் குறைவு.

எந்தப் பிரிவிலும் அடங்காத சிலரும் இருக்கிறார்கள்: கூட்டுபவர்கள், கழிவு அறையில் மூட்டை கட்டுபவர்கள், ஃபில்டரையும் காற்றுக் குழாய்களையும் சுத்தம் செய்யும் ஃபிட்டர்கள். இவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். யார் அதிகம் தூசி தின்கிறார்கள் என்று கேட்டால் நான் முதலில் துடைப்பத்தைத்தான் காட்டுவேன்.

புருவத்திலும் தலைமுடியிலும் வெள்ளையாக ஒட்டும் பஞ்சு இழையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது பெரும்பாலும் மூக்கிலேயே நின்றுவிடும். உள்ளே போவது கண்ணுக்குத் தெரியாத நுண்தூசி. பஞ்சுத் தூசிக்கு நம் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணை குறித்திருந்த வரம்பு ஒரு கன மீட்டர் காற்றில் 0.2 மில்லிகிராம். அமெரிக்கா 1978-இல் நூற்பாலைகளுக்கு வைத்த வரம்பும் இதேதான். பத்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் உயரமுள்ள கூடத்துக் காற்று முழுவதிலும் நாலைந்து அரிசி மணி எடைக்கு மேல் தூசி மிதக்கக் கூடாது என்று கணக்கு.

மூன்றாம் படி: வேலை வரலாற்றை எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். இரத்தப் பரிசோதனையோ எக்ஸ்ரேவோ இந்த நோயைக் காட்டிக்கொடுக்காது. வேலை வரலாறும் மூச்சுப் பரிசோதனையும் சேர்ந்துதான் நோயை நிறுவ வேண்டும். இழப்பீட்டுக்கும் அதே வரலாறுதான் அடிப்படை.

ஒரு நோட்டில் முதல் வேலையிலிருந்து தொடங்குங்கள். எந்த மாதம், எந்த வருடம், எந்த மில், எந்தப் பிரிவு, எந்த வேலை, எத்தனை மணி நேரம், அங்கே தூசி இழுக்கும் வசதி இருந்ததா, என்ன பஞ்சு ஓடியது, என்ன முகக்கவசம் கொடுத்தார்கள். இடையில் வேலை பார்க்காத மாதங்களையும் எழுதுங்கள். புகைபிடிக்கும் பழக்கம் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். பின்னால் வேறொருவர் கண்டுபிடித்துச் சொல்வதைவிட அது நல்லது. புகைப்பவருக்கும் இந்த நோய் வரும், இன்னும் கடுமையாக வரும். பீடிதான் காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிட யாருக்கும் இடம் கொடுக்காதீர்கள்.

இனி சான்றுகள். வருங்கால வைப்புநிதிக்கு யு.ஏ.என். என்ற நிரந்தரக் கணக்கு எண் இருந்தால், அந்த இணையதளத்தில் உங்கள் பணி வரலாறு நிறுவனம் வாரியாக, சேர்ந்த தேதி, விலகிய தேதியோடு இருக்கும். அதை அச்செடுத்து வையுங்கள். பிடித்தம் செய்த பணத்தைக் கட்டாமல் விட்ட நிர்வாகங்களும் உண்டு என்பதால், வேலையில் இருக்கும்போதே ஒருமுறை பார்த்துவிடுவது உத்தமம். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) எண், அடையாள அட்டை, டோக்கன் எண், சம்பளச் சீட்டு ஆகியவற்றைப் போனில் படம் பிடித்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் மூன்று வருட ஒப்பந்தத்தில் வேலை பார்த்துவிட்டுத் திருமணமாகிப் போன பெண்களிடமும், ஒடிசாவுக்கும் பீகாருக்கும் திரும்பிப்போன தொழிலாளர்களிடமும் இந்தத் தாள்கள் பெரும்பாலும் இருப்பதில்லை. மில்லின் கணக்கில் அவர்கள் வேலையை விட்டவர்கள், நோயுற்றவர்கள் அல்லர்.

நான்காம் படி: மூச்சுக் கணக்கு

பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சின்னப் பிளாஸ்டிக் குழாய் மருந்துக் கடைகளில் கிடைக்கும். மின்சாரம் வேண்டாம். நின்றுகொண்டு, முள்ளைச் சுழியத்தில் வைத்து, மூச்சை முழுதாக இழுத்து, உதடுகளால் குழாயை இறுகக் கவ்வி, ஒரே வேகத்தில் ஊத வேண்டும். மூன்று முறை ஊதி, மூன்றில் பெரிய எண்ணை மட்டும் எழுத வேண்டும்.

ஷிப்டுக்குப் போகும் முன், நடுவில் சாப்பாட்டு நேரத்தில், ஷிப்ட் முடிந்ததும், தூங்கும் முன் என நான்கு வேளை. மூன்று நான்கு வாரம் விடாமல், விடுப்பு நாள்களிலும் ஊத வேண்டும். விடுப்புக்குப் பின் வரும் முதல் நாளை வட்டமிட்டு வையுங்கள். காலையில் 400 ஊதியவர் ஷிப்ட் முடிவில் 340 ஊதுகிறார், வாரக் கடைசியில் அந்த இறக்கம் சுருங்கிவிடுகிறது என்றால், அது மருத்துவர் கண்ணில் பட வேண்டிய செய்தி. இன்ஹேலர் எடுத்த வேளைகளைத் தனியாகக் குறியுங்கள். சளிக்காய்ச்சல் வந்த நாள்களையும் குறித்துவிடுங்கள். இந்தக் கருவி நோயை முடிவுசெய்யாது. அடுத்த படிக்கான கதவைத் தட்டும், அவ்வளவுதான்.

ஐந்தாம் படி: மருத்துவரிடம் எப்படிப் பேசுவது

“இருமல் இருக்கிறது” என்று தொடங்கினால் இருமல் மருந்தோடு திரும்புவீர்கள். இப்படித் தொடங்குங்கள்: “நான் பஞ்சு மில்லில் கார்டிங்கில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். விடுப்பு முடிந்து போகும் முதல் நாள் மட்டும் நெஞ்சு இறுகுகிறது. இது வேலையால் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.” நோட்டை நீட்டுங்கள். இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் கூட்டம் அதிகம், மருத்துவருக்கு நேரம் குறைவு. நாலு பக்க வரலாற்றுக்கு முன்னால் அரைப் பக்கச் சுருக்கம் ஒன்றை வைத்திருந்தால் அவர் படிப்பார்.

எக்ஸ்ரே எடுப்பார்கள். காசநோய் போன்ற வேறு நோய்கள் இல்லை என்று தெரிந்துகொள்ள அது தேவைதான். ஆனால் கல் குவாரிக்காரர்களுக்கு வரும் சிலிக்கோசிஸ்போல் இந்த நோய் எக்ஸ்ரேயில் புள்ளி புள்ளியாகத் தெரியாது. படம் சுத்தமாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு நுரையீரல் நன்றாக இருக்கிறது, வேலைக்குப் போகலாம் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் என் அத்தையும் ஒருவர். அவர் அந்தப் படத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, தனக்கு நோயில்லை என்பதற்குச் சான்றாக எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தார்.

நீங்கள் கேட்க வேண்டியது ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சுப் பரிசோதனை. அதில் முதல் நொடியில் எவ்வளவு காற்றை ஊதித் தள்ளுகிறீர்கள் என்ற அளவுதான் முக்கியம். ஒருமுறை ஊதினால் இன்றைய நிலை தெரியும். விடுப்புக்குப் பிந்தைய முதல் நாளில் ஷிப்டுக்கு முன்னும் பின்னும் ஊதினால் நோயின் தன்மை தெரியும். இரண்டுக்கும் இடையே 5 சதவீதமோ 200 மில்லிலிட்டரோ குறைந்தால், அந்தத் தொழிலாளியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்கிறது அமெரிக்க விதி. நம் ஊரில் மில் வாசலில் ஸ்பைரோமெட்ரி வைத்து இப்படிச் சோதிப்பது அரிது. அப்படியானால் முதல் நாள் ஷிப்ட் முடிந்த கையோடு ஒருமுறை, நீண்ட விடுப்பில் இருக்கும்போது ஒருமுறை என்றாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

சீட்டில் ஆஸ்துமா என்றோ நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி என்றோ மட்டும் எழுதினால், தொழிலால் வந்திருக்கலாம் என்ற ஐயத்தையும் பஞ்சுத் தூசியில் வேலை என்பதையும் சேர்த்து எழுதும்படி பணிவாகக் கேளுங்கள். பின்னாளில் அந்த ஒரு வரிக்கு மருந்துச் சீட்டு முழுவதையும்விட மதிப்பு அதிகம். இன்ஹேலர் இறுக்கத்தைத் தளர்த்தும். ஆனால் அதை எடுத்துக்கொண்டு அதே புளோரூமில் தொடர்ந்து நிற்பது, ஓட்டையை அடைக்காமல் தண்ணீரை மட்டும் இறைத்துக்கொண்டிருப்பதற்குச் சமம்.

ஆறாம் படி: மில்லுக்குள் எதை மாற்றக் கேட்பது

முதலில் வெல்லம். வெல்லமும் வாழைப்பழமும் தின்றால் உள்ளே போன பஞ்சு வெளியேறிவிடும் என்று மேஸ்திரி சொல்வார், மூத்தவர்களும் சொல்வார்கள். வெல்லம் போவது உணவுக்குழாயில், தூசி போவது மூச்சுக்குழாயில். இரண்டும் சந்திப்பதே இல்லை. தின்னுங்கள், ருசியாக இருக்கும்.

அடுத்தது ஏர் பைப். ஷிப்ட் முடிந்ததும் உடம்பில் ஒட்டிய பஞ்சை அழுத்தக் காற்றால் ஊதிவிட்டுக்கொள்வதும், இயந்திரத்தை அப்படியே ஊதிச் சுத்தம் செய்வதும் பல மில்களில் அன்றாட வழக்கம். படிந்து கிடந்த நுண்தூசி அத்தனையும் திரும்ப மூச்சுக்கு வந்துவிடும். உறிஞ்சும் வாக்குவத்தைப் பயன்படுத்தச் சொல்லிக் கேளுங்கள். உலர்ந்த துடைப்பத்தையும் முடிந்தவரை ஒழிக்க வேண்டும்.

நிர்வாகத்தின் வேலை இதைவிடப் பெரிது: கார்டிங் இயந்திரங்களை மூடி உறிஞ்சு குழாய் இணைப்பது, ஃபில்டரைக் காலத்தில் மாற்றுவது, காற்றிலுள்ள தூசியை அளந்து பதிவது. உறிஞ்சு குழாயில் அடைப்பு இருப்பது மேலாளருக்கு முன்பே உங்களுக்குத் தெரியும். தேதி போட்டு எழுத்தில் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகத்தான் முகக்கவசம். கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் இழையைத் தடுக்கும், நுண்தூசியைத் தடுக்காது. என்95 அல்லது ஐ.எஸ். 9473 முத்திரையுள்ள எஃப்.எஃப்.பி.2 வகை வேண்டும். மூக்குத் தண்டில் கம்பியை அழுத்தி, ஓரத்தில் காற்று கசியாதபடி அணிய வேண்டும். நூல் அறுந்துபோகாமலிருக்க ஈரப்பதம் ஏற்றி வைத்த கூடத்தில் எட்டு மணி நேரம் அதை மாட்டியிருப்பது எளிதல்ல. மாஸ்க் கொடுத்துவிட்டோம் என்பதோடு நிர்வாகம் கைகழுவுவதை அதனால்தான் ஏற்க முடியாது.

ஏழாம் படி: பிரிவு மாற்றம்

ஒன்றாம் நிலையிலேயே, மருத்துவர் எழுத்தோடு, கோன் வைண்டிங், பேக்கிங் போன்ற தூசி குறைந்த பிரிவுக்கு மாற்றம் கேளுங்கள். சம்பளம் குறையாமல் மாற்ற வேண்டும் என்று கேட்பதும் நியாயமே. தனியாகப் போவதைவிட, அதே தொந்தரவுள்ள நாலைந்து பேராகவோ சங்கத்தின் மூலமாகவோ போவது நல்லது. இரண்டாம் நிலையைத் தாண்டியவர்கள் பஞ்சு வேலையையே விடுவதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும். கடன் இருக்கும் வீட்டில் இதைச் சொல்வது சுலபம், செய்வது கடினம் என்று எனக்குத் தெரியும். ராஜினாமாக் கடிதத்தில் மட்டும் சொந்தக் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். மருத்துவ ஆலோசனைப்படி தூசி வேலையை விடுகிறேன் என்று எழுதுங்கள்.

எட்டாம் படி: சட்டப்படி கேட்பது

பிசினோசிஸ், 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருந்த அறிவிக்க வேண்டிய நோய். அதாவது, அதைக் கண்ட மருத்துவர் தொழிற்சாலைகளின் தலைமை ஆய்வாளருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் இந்தக் கடமையை வைத்திருக்கின்றன. தமிழ்நாட்டில் இதற்குரிய அலுவலகம் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். தூசி பற்றிய புகாரையும் அங்கேயே கொடுக்கலாம். உங்கள் பெயரை மில்லுக்குச் சொல்லக் கூடாது என்று புகாரிலேயே எழுதுங்கள்.

இழப்பீட்டுக்கு இரண்டு வழிகள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டு இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்கள் அந்தக் கழகத்திடம்தான் கேட்க வேண்டும். மருத்துவக் குழு தொழில்நோய் என்று ஏற்று, இயலாமை எத்தனை சதவீதம் என்று முடிவு செய்தால், அதற்கேற்ப மாதந்தோறும் தொகை கிடைக்கும். இ.எஸ்.ஐ. இல்லாதவர்கள் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம் போகலாம். இரண்டு வழியிலும் ஒரே நபர் கேட்க முடியாது. தொழில்நோய் அட்டவணையில் பஞ்சு, சணல்வகைத் தூசியால் வரும் நுரையீரல் நோய் இடம்பெறும் பகுதியின்படி, குறிப்பிட்ட காலம் தொடர்ச்சியாக அந்த வேலையில் இருந்ததைக் காட்ட வேண்டும். அது ஒரே முதலாளியிடம் இருக்க வேண்டியதில்லை. பல மில்களில் பார்த்த காலத்தையும் சேர்க்கலாம். மூன்றாம் படி நோட்டு இங்கேதான் பேசும். வேலையை விட்டபின் வருடக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள், கால வரம்பு உண்டு.

மருத்துவக் குழுவுக்குப் போகும்போது வேலை வரலாறு, யு.ஏ.என். அச்சுப்பிரதி, மூச்சுக் கணக்கு நோட்டு, எல்லா ஸ்பைரோமெட்ரி தாள்கள், பழைய மருந்துச் சீட்டுகள், உடன் வேலை பார்த்த இருவரின் எழுத்து வாக்குமூலம் ஆகியவற்றை எடுத்துப்போங்கள். மில்லுக்குள் எடுத்த படங்கள் இருந்தால் அவையும். அத்தையிடம் மிஞ்சியிருந்த ஒரே சான்று அதுதான்: ஆயுத பூஜை அன்று சந்தனம் பூசிய கார்டிங் இயந்திரத்தின் முன் ஒன்பது பெண்கள் வரிசையாக நிற்கும் படம். இடமிருந்து மூன்றாவது ஆள் அத்தை. பின்பக்கத்தில் வருடம் எழுதியிருக்கவில்லை.